பத்து லட்சத்தில் நின்ற நகரங்கள்

ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் ரோம் நகரில் 10 லட்சம் பேர் வாழ்ந்தார்கள் என்பது வரலாற்றாய்வாளர்கள் பலரும் ஏற்றுக்கொள்ளும் மதிப்பீடு. எட்டாம் நூற்றாண்டில் சீனாவின் டாங் பேரரசுத் தலைநகரான சாங்கானும் அதே அளவுக்கு வளர்ந்தது. அதன்பின் பாக்தாத், பதினோராம் நூற்றாண்டில் சீனாவின் கைஃபெங், பதினெட்டாம் நூற்றாண்டில் ஜப்பானின் எடோ, அதாவது இன்றைய டோக்கியோ. வெவ்வேறு நாடுகள், வெவ்வேறு காலங்கள். ஆனால் எல்லா நகரங்களும் அந்த 10 லட்சத்தை ஒட்டியே வந்து நின்றன. மதிப்பீடுகள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் 50 லட்சம் பேர் வாழ்ந்த பழங்கால நகரம் என்று உலகத்தில் ஒன்றுகூட இருந்ததில்லை.

1801ஆம் ஆண்டு பிரிட்டனில் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது லண்டனும் கிட்டத்தட்ட அந்த 10 லட்சத்தில்தான் இருந்தது. 1901இல் அங்கே சுமார் 65 லட்சம் பேர். இன்று டோக்கியோவும் அதை ஒட்டிய ஊர்களும் சேர்ந்த பெருநகரப் பகுதியில் மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள்.

நகரங்களின் வரலாற்றைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் மன்னர்களின் பட்டியலில் இருந்து தொடங்காமல் இங்கிருந்து தொடங்குவது நல்லது. 1800 ஆண்டுகளாக எது நகரங்களைத் தடுத்து வைத்திருந்தது? பிறகு நூறே ஆண்டுகளில் எது அந்தத் தடையை உடைத்தது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்துவிட்டால், இன்றைய எந்த நகரத்தைப் பார்த்தாலும் அது ஏன் அப்படி இருக்கிறது என்பது பாதி விளங்கிவிடும்.

உணவு எங்கிருந்து வந்தது?

கிராமத்தில் பெரும்பாலானோர் தங்கள் உணவைத் தாங்களே விளைவிக்கிறார்கள். நகரத்தில் பெரும்பாலானோர் அப்படிச் செய்வதில்லை. அவர்களுக்காக வேறு யாரோ, வேறு எங்கோ, தங்கள் தேவைக்கு மேல் விளைவித்தாக வேண்டும். அந்த உபரியைச் சேகரிக்க வேண்டும், சுமந்து வர வேண்டும், கெடாமல் வைக்க வேண்டும், பங்கிட வேண்டும். இந்த ஏற்பாடு உருவான பிறகுதான் நகரம் உருவானது.

இதற்கு மிகப் பழைய சான்று மெசபடோமியாவின் தெற்குப் பகுதியில் இருந்த உருக். கி.மு. 3200 வாக்கில் அங்கே பல்லாயிரம் பேர் வாழ்ந்தார்கள். அகழாய்வில் அங்கு மிக அதிகமாகக் கிடைத்த பொருள் பொன்னும் இல்லை, சிலையும் இல்லை. தடித்த சுவரும் சாய்ந்த விளிம்பும் கொண்ட, எந்த அழகும் இல்லாத மண் கிண்ணங்கள். அச்சில் அழுத்தி வேகவேகமாகச் செய்யப்பட்டவை. வேலையாட்களுக்குத் தானியப்படி அளந்து கொடுக்க இவை பயன்பட்டன என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அதே உருக்கில் கிடைத்த, உலகின் மிகப் பழைய எழுத்துப் பலகைகளும் பெரும்பாலும் கணக்குகள்தாம்: எவ்வளவு பார்லி வந்தது, யாருக்கு எவ்வளவு போனது. நகரம் தோன்றிய இடத்திலேயே கணக்குப்பிள்ளையும் தோன்றிவிட்டார்.

பழைய வேளாண்மையில் உபரி மிகக் குறைவு. பத்துப் பேரில் எட்டு, ஒன்பது பேர் நிலத்தில் பாடுபட்டால்தான் மீதி ஒருவரோ இருவரோ நகரத்தில் வாழ முடியும். எனவே 10 லட்சம் பேர் ஓரிடத்தில் கூட வேண்டுமானால் மிகப் பெரிய நிலப்பரப்பின் உபரி முழுவதும் அந்த ஓரிடத்துக்கு வந்து சேர வேண்டும். ஆனால் மாட்டு வண்டியில் தானியத்தை அதிக தூரம் கொண்டுபோக முடியாது. வண்டி இழுக்கும் மாடும் ஓட்டுகிற ஆளும் வழியெல்லாம் தின்றாக வேண்டும். தூரம் கூடக்கூட, சுமையின் மதிப்பைச் செலவே விழுங்கிவிடும். ரோமப் பேரரசர் டயோக்ளீசியன் 301ஆம் ஆண்டு வெளியிட்ட விலை ஆணையை வைத்து ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். மத்தியதரைக் கடலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கப்பலில் தானியம் அனுப்பும் செலவு, அதையே வண்டியில் சுமார் 120 கிலோமீட்டர் கொண்டுபோகும் செலவைவிடக் குறைவு.

ஆகவே பெருநகரம் என்றால் தண்ணீர் வழி வேண்டும். எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பல்களில் வந்த கோதுமைதான் ரோமைத் தாங்கியது. முதல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் சுமார் 2 லட்சம் ஆண்களுக்கு அரசே இலவசமாகத் தானியம் வழங்கியது. ரோமில் இன்றும் மான்டே டெஸ்டாச்சோ என்றொரு குன்று இருக்கிறது. சுமார் 35 மீட்டர் உயரம். அது இயற்கையான குன்று அன்று. ஸ்பெயினிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆலிவ் எண்ணெய் வந்த ஜாடிகளை உடைத்து உடைத்துக் குவித்த ஓட்டுக்குவியல். எண்ணெய் ஊறிய ஜாடிகளை மறுபடி பயன்படுத்த முடியாததால் ஒழுங்காக அடுக்கிப் போட்டார்கள். ஒரு நகரம் எவ்வளவு தின்று தீர்க்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சீனாவில் அதே வேலையைப் பெருங்கால்வாய் செய்தது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுய் பேரரசு வெட்டி இணைத்த அந்த நீர்வழியில்தான் தெற்கின் நெல் வடக்கே போனது. கைஃபெங் அதன் கரையிலேயே வளர்ந்தது.

ரோம், சாங்கான், பாக்தாத், கைஃபெங் எல்லாமே பேரரசுகளின் தலைநகரங்கள். எடோவில் பேரரசர் இல்லை. ஆனால் நாட்டை உண்மையில் ஆண்ட ஷோகுன் அங்கேதான் இருந்தார். 1635 முதல், நாடெங்கும் இருந்த பிரபுக்கள் ஓராண்டு விட்டு ஓராண்டு எடோவில் வந்து தங்க வேண்டும் என்பது சட்டமாக இருந்தது. அவர்களின் மனைவியும் வாரிசும் எப்போதும் எடோவிலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு பிரபுவுடனும் பெரிய பரிவாரம் வந்தது. பரிவாரத்துக்கு வேலை செய்யத் தச்சர், தையற்காரர், மீன் வியாபாரி என்று அடுத்த கூட்டம் வந்தது. இப்படித்தான் ஒரு கடலோரக் கோட்டையூர் உலகின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்றானது.

அதிகாரத்தின் பிடியில் வளர்ந்த நகரத்துக்கு ஒரு பெரிய ஆபத்து உண்டு. அதிகாரம் நகர்ந்தால் உணவும் நின்றுவிடும். 439இல் வாண்டல் என்ற ஜெர்மானிய இனத்தாரின் படைகள் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரைப் பிடித்ததும் ரோமுக்கு அங்கிருந்து தானியம் வருவது தடைப்பட்டது. 537இல் ரோமை முற்றுகையிட்ட கோத்துகள் என்ற இன்னொரு ஜெர்மானிய இனத்தார், நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த மேல்கால்வாய்களை அறுத்தார்கள். ஒரு காலத்தில் 10 லட்சம் பேர் வாழ்ந்த ஊரில் சில பத்தாயிரம் பேரே எஞ்சினார்கள். சாங்கானின் முடிவு இன்னும் கடுமையானது. 904இல் ஒரு படைத்தலைவன் பேரரசரைக் கட்டாயமாக லுவோயாங்குக்கு அழைத்துச் சென்றபோது, சாங்கானின் மாளிகைகளையும் வீடுகளையும் பிரித்து, மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுபோனான். சாங்கான் அதன் பிறகு பேரரசுத் தலைநகராகவே இல்லை.

ஒரு மணி நேரம்

உணவு போலவே நேரமும் ஒரு எல்லை. மனிதர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம்தான் போய்வரச் செலவிட விரும்புகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். போக அரை மணி, வர அரை மணி. இதை இயற்கை விதி போல எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்று எத்தனையோ பேர் மூன்று மணி நேரம் அலைகிறார்கள். ஆனால் நகரங்களின் பரப்பைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கு அருமையான திறவுகோல்.

நடந்தே போகும் ஊரில் அரை மணியில் இரண்டரை கிலோமீட்டர் போகலாம். அப்படியானால் நகரத்தின் பரப்பு ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர். மூன்றாம் நூற்றாண்டில் ரோமைச் சுற்றிக் கட்டிய ஆரேலியன் மதிலுக்குள் இருந்த பரப்பு சுமார் 14 சதுர கிலோமீட்டர்தான். இலட்சக்கணக்கானோர் அதற்குள்ளும் அதை ஒட்டியும் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். ஐந்தாறு மாடி வாடகைக் கட்டடங்கள் இருந்தன. அவை அடிக்கடி இடிந்ததாலும் எரிந்ததாலும் அகஸ்டஸ் உயரத்துக்கு வரம்பு போட்டார். தெருக்கள் அடைத்துக்கொண்டதால், பெரும்பாலான வண்டிகள் பகலில் நகருக்குள் ஓடக் கூடாது என்று ஜூலியஸ் சீசர் காலத்திலேயே தடை வந்தது. இரவெல்லாம் வண்டிச் சத்தத்தால் தூக்கம் கெட்டது. போக்குவரத்து நெரிசல் மோட்டார் வண்டியோடு பிறந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அந்த வாடகைக் கட்டடங்களில் வசதியானவர்கள் கீழ்த்தளங்களில் இருந்தார்கள். மேலே போகப் போக ஏழைகள். படியேறும் சிரமமும், தண்ணீரைச் சுமந்து ஏற்றும் வேலையும், தீப்பிடித்தால் தப்ப முடியாத அச்சமும் ஏழைகளின் தலையில் விழுந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரீஸ் வரை இதே நிலைதான். 1857இல் நியூயார்க்கில் ஒரு கடையில் எலிஷா ஓட்டிஸின் பயணிகள் லிஃப்ட் ஓடத் தொடங்கியது. கயிறு அறுந்தாலும் விழாத லிஃப்ட். அடுத்த சில பத்தாண்டுகளில் கட்டடத்துக்குள் இருந்த வரிசை தலைகீழாகப் புரண்டது. மேல்மாடிதான் வெளிச்சம், காற்று, அமைதி, அதிக வாடகை என்றானது. 1885இல் சிகாகோவில் உலோகச் சட்டகத்தின் உதவியுடன் பத்து மாடிக் கட்டடம் எழுந்தபோது வானளாவிய கட்டடங்களின் காலம் தொடங்கிவிட்டது.

பக்கவாட்டில் நகரத்தை விரித்தது தண்டவாளம். 1863இல் லண்டனில் உலகின் முதல் சுரங்க ரயில் ஓடியது, அதுவும் நீராவி எஞ்சினில், புகையோடு. 1888இல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் ஃபிராங்க் ஸ்பிரேக் மின்சார டிராம் அமைப்பு ஒன்றை வெற்றிகரமாக ஓடவிட்டதும் பல நகரங்கள் அதைப் பின்பற்றின. நியூயார்க்கில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் இருந்த காலம் அது. அவற்றின் சாணம் தெருவெல்லாம் கிடந்தது. டிராம் குதிரையையும் விலக்கியது, ஊரையும் அகலமாக்கியது.

மதில்களும் அப்போதுதான் விழுந்தன. பீரங்கிகள் வந்த பிறகு அவற்றால் பெரிய பாதுகாப்பு இல்லை. ஆனால் ஊரைப் பிதுங்க வைத்துக்கொண்டிருந்தன. பார்சலோனாவில் 1854இல் மதிலை இடிக்க ஆரம்பித்தார்கள். அதற்கு வெளியே விரிந்த சமவெளிக்கு இல்டிஃபோன்ஸ் செர்டா 1859இல் ஒரு திட்டம் போட்டார். ஒரே அளவான சதுரக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தின் மூலையும் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். வண்டி திரும்ப இடம் வேண்டும், நாற்சந்தியில் வெளிச்சம் வேண்டும், ஏழை வீட்டுக்கும் காற்று வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்தச் சாய்ந்த மூலைகளை இன்றும் பார்க்கலாம்.

மனிதர்களைத் தின்ற நகரம்

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் கொடிய எல்லை நோய்தான்.

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளின் பெரும்பகுதியில் லண்டனில் பிறப்பைவிட இறப்பு அதிகம். தேவாலயப் பதிவேடுகளில் ஞானஸ்நானங்களைவிட அடக்கங்கள் கூடுதலாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஆனாலும் ஊர் வளர்ந்துகொண்டே இருந்தது. காரணம், ஆண்டுதோறும் கிராமங்களிலிருந்து ஆயிரமாயிரம் இளைஞர்கள் வந்தார்கள். வந்தவர்களில் பலர் சீக்கிரமே மடிந்தார்கள். அடுத்த கூட்டம் வந்தது. அவர்கள் அறியாமல் வரவில்லை. நகரத்தில் கூலி இருந்தது, கல்யாணம் செய்துகொள்ளச் சேமிக்க வழி இருந்தது, ஆண்டையின் பிடியிலிருந்து விடுதலை இருந்தது. இடைக்கால ஜெர்மானிய நகரங்கள் பலவற்றில், ஓராண்டும் ஒரு நாளும் மதிலுக்குள் வாழ்ந்துவிட்ட பண்ணையடிமையை அவனுடைய பிரபு திரும்பக் கேட்க முடியாது. சாவு நெருக்கமாக இருந்தும் மக்கள் ஏன் வந்தார்கள் என்பதற்கு இந்த ஒரு விதியே போதுமான பதில்.

தொழிற்புரட்சி இதை இன்னும் மோசமாக்கியது. நீராவி எஞ்சின் வந்தபின் ஆலையை ஆற்றோரத்தில்தான் கட்ட வேண்டும் என்பதில்லை. நிலக்கரி வரும் இடத்தில், ஆள் கிடைக்கும் இடத்தில் கட்டலாம். மான்செஸ்டர் 1801இல் ஒரு லட்சத்துக்கும் குறைவானவர்களின் ஊர். 1851இல் அங்கே சுமார் 3 லட்சம் பேர். அதே 1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் மக்களில் பாதிப் பேருக்கு மேல் நகர்ப்புறங்களில் வாழ்வது தெரிந்தது. ஒரு பெரிய நாட்டில் முதல்முறையாக அப்படி நடந்தது. ஆனால் கிணறும் மலக்குழியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

1854இல் லண்டனின் பிராட் தெருவில் காலரா வெடித்தது. அந்த வட்டாரத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்றைய மருத்துவர்களில் பெரும்பாலோர் துர்நாற்றம்தான் நோயைப் பரப்புகிறது என்று நம்பினார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் மட்டும் தண்ணீரைச் சந்தேகித்தார். வீடு வீடாக விசாரித்து, இறந்தவர்களை வரைபடத்தில் குறித்தார். சாவுகள் தெருமுனையில் இருந்த ஒரு கைப்பம்பைச் சுற்றியே குவிந்திருந்தன. பம்புக்குப் பக்கத்திலேயே இருந்த மதுவடிப்பு ஆலையின் தொழிலாளர்களுக்கு ஏறக்குறைய ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிப்பதில்லை. மாறாக, பல கிலோமீட்டர் தள்ளி ஹாம்ஸ்டெட்டில் இருந்த ஒரு விதவை இறந்துபோனார். முன்பு பிராட் தெருவில் வாழ்ந்த அவருக்கு அந்தப் பம்புத் தண்ணீரின் சுவை பிடித்திருந்ததால், தினமும் வண்டியில் வரவழைத்துக் குடித்துவந்தார். ஸ்னோவுக்கு இதைவிட உறுதியான சான்று தேவைப்படவில்லை. பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது.

ஆனால் லண்டனைத் திருத்தியது ஸ்னோவின் வாதம் இல்லை, நாற்றம். 1858 கோடையில் தேம்ஸ் ஆறு கழிவால் நாறி, ஆற்றங்கரையில் இருந்த நாடாளுமன்றத்தில் உட்கார முடியாமல் போனது. உடனே பணம் ஒதுக்கப்பட்டது. பொறியாளர் ஜோசப் பாசல்கெட் 130 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பெரிய பாதாளச் சாக்கடைகளைக் கட்டி, கழிவை ஊருக்குக் கிழக்கே வெகுதூரம் கொண்டுபோய் விட்டார். 1866இல் காலரா மறுபடி வந்தபோது, பெரும்பாலும் கிழக்கு லண்டனையே தாக்கியது. சாக்கடைப் பணி இன்னும் முடியாத பகுதி அதுதான். தவறான கொள்கையை நம்பிக் கட்டிய சாக்கடை சரியான பலனைத் தந்தது.

வருத்தமான செய்தி என்னவென்றால், இந்த அறிவு மனிதர்களுக்குப் புதிதே அன்று. லண்டனுக்கு 4000 ஆண்டுகளுக்கு முன்பே சிந்துவெளியின் மொகஞ்சதாரோவில் வீட்டுக்குள் குளியலறை இருந்தது. அங்கிருந்து தெருவின் மூடிய செங்கல் வடிகாலுக்குக் குழாய் போனது. ஊரெங்கும் நூற்றுக்கணக்கான கிணறுகள் இருந்தன. கற்றதை மனித குலம் அப்படியே கைமாற்றிக்கொண்டு வருவதில்லை. ஒரு நகரம் அழியும்போது அதன் அறிவும் சேர்ந்து புதைகிறது.

சிகாகோவின் கதை இங்கே சொல்லியாக வேண்டியது. 1833இல் சில நூறு பேர் இருந்த குடியிருப்பு அது. ஏரிக்கரைச் சதுப்பு, தட்டையான நிலம். சாக்கடைக்குச் சரிவு வேண்டும். நிலத்தில் சரிவு இல்லை. எனவே 1850களில் அவர்கள் எடுத்த முடிவு: சாக்கடைக் குழாயைத் தெருவின் மேலேயே பதித்து, மண் கொட்டி மூடி, தெருவையே உயர்த்துவது. அப்படியானால் வீடுகள்? அவற்றையும் தூக்குவது. 1860இல் லேக் தெருவில், சுமார் 100 மீட்டர் நீளத்துக்கு வரிசையாக நின்ற கற்கட்டடங்களுக்கு அடியில் 6000 திருகு ஜாக்கிகளை வைத்தார்கள். சுமார் 600 ஆட்கள் சைகை கிடைத்ததும் ஒரே நேரத்தில் கொஞ்சம் திருகுவார்கள், நிற்பார்கள், மறுபடி திருகுவார்கள். ஐந்தே நாளில் முழு வரிசையும் ஒன்றரை மீட்டர் அளவுக்கு எழுந்தது. உள்ளே கடைகளில் வியாபாரம் நடந்துகொண்டே இருந்தது.

அதோடு முடியவில்லை. அந்தக் கழிவு சிகாகோ ஆற்றில் கலந்து, குடிநீர் எடுக்கும் ஏரிக்கே போனது. ஆகவே 1900இல் கால்வாய் வெட்டி ஆற்றையே எதிர்த்திசையில் திருப்பினார்கள். கழிவு இப்போது மிசிசிப்பி வழியாக வேறு மாநிலங்களை நோக்கிப் போனது. மிசூரி மாநிலம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு 1906இல் தோற்றது. நகரங்களின் வளர்ச்சியில் இந்தப் போக்கு திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு தடையை நகரம் கடக்கும்போது, அதன் சுமை பல நேரம் நகரத்துக்கு வெளியே இருக்கும் யாரோ ஒருவர் மேல் இறங்குகிறது. 1853 முதல் 1870 வரை ஹாஸ்மன் என்ற அரசு நிர்வாகி பாரீஸில் அகன்ற சாலைகளும் பூங்காக்களும் சாக்கடைகளும் அமைத்தபோது அது உலகமே வியந்த நகரமானது. இடிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான வீடுகளில் இருந்த ஏழைகள் ஊரின் விளிம்புக்குத் தள்ளப்பட்டார்கள்.

உணவுத் தடை உடைந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரயிலும் நீராவிக் கப்பலும் தானியத்தைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுவந்தன. 1882இல் டனீடின் என்ற கப்பல் நியூசிலாந்திலிருந்து உறைய வைத்த இறைச்சியோடு லண்டன் வந்து சேர்ந்தது. பூமியின் மறுபக்கமே லண்டனின் விளைநிலமாகிவிட்டது.

கட்டடம் போனாலும் தெரு போகாது

நகரம் இவ்வளவு மாறினாலும் அதில் எளிதில் மாறாத ஒன்று இருக்கிறது, தெருக்கோடு. ரோமில் பியாட்சா நவோனா என்ற நீண்ட சதுக்கம் இருக்கிறது. ஒரு முனை வளைந்து, இரு பக்கமும் நேராக ஓடும் விசித்திரமான வடிவம். முதலாம் நூற்றாண்டில் பேரரசர் டொமீஷியன் அங்கே ஓட்டப்பந்தய அரங்கம் கட்டினார். அரங்கம் சிதைந்தது, அதன் இருக்கை வரிசைகளின் மேல் வீடுகள் எழுந்தன, பந்தயத் திடல் மட்டும் திறந்த வெளியாகவே மிஞ்சியது. இன்று அந்தச் சதுக்கத்தில் நிற்பவர் கிட்டத்தட்ட 1900 ஆண்டுப் பழமையான ஒரு வரைபடத்தின் மேல் நிற்கிறார்.

1666இல் லண்டனின் பெருந்தீ 13,000க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோஃபர் ரென் சில நாட்களிலேயே நேரான அகன்ற சாலைகளோடு புதிய நகரத் திட்டம் ஒன்றைக் கொடுத்தார். அது நிறைவேறவில்லை. வீடுதான் எரிந்தது, மனை உரிமை எரியவில்லை. ஒவ்வொருவரும் தன் மனையில் கட்டவே விரும்பினார்கள், அரசிடம் எல்லா மனைகளையும் வாங்கப் பணமும் இல்லை, காலமும் இல்லை. எனவே செங்கல்லால் கட்ட வேண்டும் என்ற விதி வந்தது, சில தெருக்கள் அகலமாயின, மற்றபடி பழைய கோடுகளே தொடர்ந்தன. ஒரு பழைய நகரில் காரணமே இல்லாமல் வளையும் தெருவைக் கண்டால், அங்கே ஒரு காலத்தில் மதிலோ அகழியோ ஓடையோ இருந்ததா என்று தேடிப் பாருங்கள். பல நேரம் விடை கிடைக்கும்.

சரிவும் மீட்சியும்

வளர்ந்த நகரம் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதற்கும் எந்த உறுதியும் இல்லை. டெட்ராய்ட் 1950இல் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த மோட்டார்த் தொழில் தலைநகரம். 2020இல் அங்கே சுமார் 6.4 லட்சம் பேர். ஆலைகள் புறநகருக்கும் வேறு மாநிலங்களுக்கும் போயின. அதே கார்கள் ஓடுவதற்குப் போட்ட நெடுஞ்சாலைகள் வழியாக வெள்ளையர்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்தார்கள். கறுப்பின மக்களுக்குப் பல புறநகர்களில் வீடு விற்கவே மறுத்தார்கள். வரி செலுத்துவோர் குறைந்தார்கள், சாலையும் குழாயும் விளக்கும் பராமரிக்க வேண்டிய பரப்பு குறையவில்லை. 2013இல் நகர நிர்வாகம் திவால் அறிவித்தது.

லண்டனும் சரிந்ததுதான். 1939இல் 86 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1981இல் 70 லட்சத்துக்கும் கீழே போனது. சரக்குப் பெட்டகக் கப்பல்கள் வந்ததும், அவற்றை ஏற்க முடியாத பழைய கப்பல்துறைகள் 1960களின் பிற்பகுதியிலிருந்து ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆனால் லண்டனுக்கு வங்கி, சட்டம், பல்கலைக்கழகம், பதிப்பு, அரசு என்று பல தொழில்கள் இருந்தன. கைவிடப்பட்ட கப்பல்துறை நிலத்திலேயே அலுவலகக் கோபுரங்கள் எழுந்தன. 2015 வாக்கில் பழைய உச்சத்தை நகரம் மறுபடி எட்டியது. ஒரே தொழிலை நம்பிய ஊருக்கும் பல தொழில் கொண்ட ஊருக்கும் உள்ள வேறுபாடு இது.

இன்றைய எல்லை

1950இல் உலக மக்களில் சுமார் 30 சதவீதம் பேர் நகர்ப்புறங்களில் இருந்தார்கள். 2007 வாக்கில் அது பாதியைத் தாண்டியது என்பது ஐ.நா.வின் கணக்கு. வேகமும் மாறிவிட்டது. நைஜீரியாவின் லாகோஸ் 1950இல் சில லட்சம் பேர் வாழ்ந்த ஊர். இன்று ஒரு கோடியை எப்போதோ தாண்டிவிட்டது. சீனாவின் ஷென்சென் 1980இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவிக்கப்பட்டபோது சிறிய எல்லையோர ஊர். 2020 கணக்கெடுப்பில் ஒன்றே முக்கால் கோடிப் பேர்.

இரண்டும் ஒரே வகை வளர்ச்சி என்று எண்ணிவிடக் கூடாது. ஷென்சென்னில் ஆலைகளும் வீடுகளும் சாலைகளும் ஏறக்குறைய சேர்ந்தே வந்தன. லாகோஸ், டாக்கா போன்ற நகரங்களில் மக்கள் முதலில் வந்துவிட்டார்கள். குழாயும் சாக்கடையும் பின்னால் ஓடி வருகின்றன. தடுப்பூசியும் குளோரின் கலந்த தண்ணீரும் மருந்துகளும் சாவைக் குறைத்துவிட்டன. மகிழ வேண்டிய மாற்றம் இது. ஆனால் லண்டனுக்கு நூறு ஆண்டு அவகாசம் கிடைத்த வேலையை இந்த நகரங்கள் முப்பது, நாற்பது ஆண்டுகளில் குறைந்த பணத்தில் செய்ய வேண்டியிருக்கிறது. உலகில் நூறு கோடிக்கும் மேற்பட்டோர் குடிசைப் பகுதிகளில் வாழ்வதற்கு இந்த இடைவெளி ஒரு முக்கியக் காரணம்.

புதிய எல்லையும் தெரியத் தொடங்கிவிட்டது. அது நகரத்தின் காலடியிலேயே இருக்கிறது. அஸ்டெக் மக்கள் 1325இல் ஏரி நடுவே ஒரு தீவில் டெனோச்டிட்லான் நகரை அமைத்தார்கள். 1521இல் அதைக் கைப்பற்றிய ஸ்பானியர்கள் அதன் இடிபாடுகள் மேலேயே மெக்சிகோ நகரைக் கட்டினார்கள். பிறகு ஏரியையும் வடித்தார்கள். இரண்டு கோடிப் பேருக்கு நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, அடியில் இருக்கும் ஏரிக் களிமண் இறுகி நிலம் அமிழ்கிறது. சில பகுதிகளில் ஆண்டுக்கு அரை மீட்டர் வரை. 1910இல் திறக்கப்பட்ட சுதந்திர நினைவுத் தூணுக்கு ஆழமான அடித்தளம் உண்டு. அதனால் தூண் அமிழவில்லை, சுற்றியுள்ள தெரு மட்டும் இறங்கியது. தூணை அடைய 14 படிகளைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. ஜகார்த்தாவிலும் நிலத்தடி நீரை உறிஞ்சியதால் வடபகுதி வேகமாகக் கடல் மட்டத்துக்குக் கீழே போகிறது. தலைநகரை போர்னியோ தீவுக்கு மாற்றப் போவதாக இந்தோனேசிய அரசு 2019இல் அறிவித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இதை நிறுத்த முடியாது என்று சொல்ல முடியாது. டோக்கியோவின் கிழக்குப் பகுதியும் இப்படித்தான் அமிழ்ந்துகொண்டிருந்தது. சில இடங்களில் 4 மீட்டருக்கும் மேல் இறங்கியது. 1956இலும் 1962இலும் வந்த சட்டங்கள் ஆலைகளும் பெரிய கட்டடங்களும் நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தின. அவற்றுக்கு ஆற்று நீர் கொடுக்கப்பட்டது. 1970களின் நடுவில் அமிழ்வு பெரும்பாலும் நின்றது. ஆனால் இறங்கிய நிலம் மீண்டும் எழாது. அந்தப் பகுதிகளில் லட்சக்கணக்கானோர் இன்றும் கடல் மட்டத்துக்குக் கீழே, கரைச்சுவர்களுக்கும் இரவு பகலாக ஓடும் நீரேற்று நிலையங்களுக்கும் பின்னால் வாழ்கிறார்கள். அவற்றைப் பராமரிக்கும் செலவு டோக்கியோவின் வரவுசெலவுத் திட்டத்தில் ஆண்டுதோறும் இடம்பெறும்.